ஆட்புலம்: ரீயூனியன் எந்த வகை ‘யூனியன்’?

அக்கா மகன் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குப் போட்டித்தேர்வு வகுப்புக்கு வந்து போகிறான். போன வாரம் புதிய பேருந்து நிலையத்தில் டீ குடிக்கும்போது கேட்டான்: “மாமா, புதுச்சேரி யூனியன் பிரதேசம். ரீயூனியன் தீவு பிரான்சோட கடல்கடந்த பிரதேசம். ரெண்டும் ஒண்ணுதானே?”

இல்லை. குழப்பம் ‘பிரதேசம்’ என்ற வடசொல்லில் இருக்கிறது. அதில் ஆட்சி என்ற பொருளே கிடையாது. இமாச்சலப் பிரதேசம் ஒரு மாநிலம், யூனியன் பிரதேசம் மாநிலமே அல்ல, மலைப்பிரதேசம் என்றால் எங்கள் சேர்வராயன் மலையும் அதில் சேர்த்தி! ஆங்கில ‘டெரிட்டரி’யைத்தான் ‘பிரதேசம்’ ஆக்கிவிட்டோம்; அதன் வேர் நிலத்தைக் குறிக்கும் லத்தீன் ‘டெர்ரா’. நம் அரசமைப்பின் தமிழ் வடிவம் அதை ‘ஆட்சிநிலவரை’ என்கிறது. துல்லியம்தான், ஆனால் வாயில் நுழையாது. என் ஓட்டு ‘ஆட்புலம்’ என்பதற்கு: ஆள் + புலம். ஆளப்படும் நிலம்.

‘கடல்கடந்த’ என்பதிலும் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. நிலம் எப்போது கடலைக் கடந்தது? பிரெஞ்சில் ‘ஊத்ர்-மேர்’ என்றால் ‘கடலுக்கு அப்பால்’, அவ்வளவுதான். சரி, வழக்கில் ஊறிவிட்டது, இருக்கட்டும்.

சட்ட நிலைக்கு வருவோம். பிரிட்டனுக்கு 14 கடல்கடந்த ஆட்புலங்கள் உண்டு. ஜிப்ரால்டர், பெர்முடா போன்றவை. ஒருகாலத்தில் ‘காலனி’, 1983 முதல் ‘சார்பு ஆட்புலம்’, 2002-இலிருந்து இப்போதைய பெயர். இவை பிரிட்டனின் இறையாண்மைக்குள் இருக்கின்றன, ஆனால் ஐக்கிய ராச்சியத்தின் பகுதி அல்ல. பெர்முடாவுக்குச் சொந்த நாடாளுமன்றம் உண்டு. பாதுகாப்பும் வெளியுறவும் லண்டன் கையில். லண்டன் நாடாளுமன்றத்தில் அதற்கு உறுப்பினர் கிடையாது.

ரீயூனியன் அப்படியல்ல. 1946-இல் காலனி நிலை போய் பிரான்சின் மாவட்டமாகிவிட்டது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழிவந்தவர்கள் அங்கே நிறையப் பேர். அவர்கள் பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கிறார்கள், கடையில் யூரோ கொடுக்கிறார்கள். ஆகவே அதைக் ‘கடல்கடந்த மாவட்டம்’ என்பதே சரி. அந்தமானும் கடலுக்கு அப்பால்தான்; ஆனால் அது இந்தியாவுக்குள் ஒரு யூனியன் பிரதேசம். நம் அரசமைப்பில் ‘கடல்கடந்த ஆட்புலம்’ என்று தனி வகையே இல்லை.

அப்புறம், பையன் சொன்னதில் ஒரு பாதி பழைய கணக்கில் சரிதான். ரீயூனியன் மாவட்டமான அதே 1946-இல், புதிய பிரெஞ்சு அரசமைப்பின் கீழ் கடல்கடந்த ஆட்புலமானது புதுச்சேரி! 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-இல்தான்.