சல்லிவன் சரி, எந்த சல்லிவன்?

போன வருஷம் பாஸ்டனிலிருந்து ஒருவர் வீடியோ அழைப்பில் வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், குடும்பப் பெயர் சல்லிவன். வணக்கம் சொன்ன கையோடு கேமராவைத் திருப்பி வரவேற்பறைச் சுவரைக் காட்டினார். மரப்பலகையில் ஒரு கேடயம், அதில் மிருகங்கள், கீழே தங்க எழுத்தில் ‘சல்லிவன் குடும்பச் சின்னம்’. அதோடு சேர்த்து வாங்கிய, கம்பி போட்டுக் கட்டிய நாற்பது பக்க ‘சல்லிவன் வம்ச வரலாறு’ வேறு. இரண்டுக்கும் முந்நூறு டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறார். அந்த நாற்பது பக்கத்தில் அவருடைய தாத்தா பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. எப்படி இருக்கும், அதே நாற்பது பக்கம்தானே பணம் கட்டுகிற எல்லா சல்லிவனுக்கும் போகிறது!

நான் கோயம்புத்தூரில் உட்கார்ந்து வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு வம்சாவளி தேடிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் அயர்லாந்து வழியினர். இந்தக் கேடய வியாபாரத்தில் ஏமாந்தவர்களை மாதம் ஒருவராவது பார்த்துவிடுகிறேன், அதனால் இதை எழுதிவைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது. கேடயச் சின்னம் என்பது ஓர் ஆளுக்கு வழங்கப்படுவது, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்குப் போவது. பெயருக்கு யாரும் சின்னம் கொடுப்பதில்லை. அயர்லாந்தில் 1552 முதல் இதற்கென்று ஓர் அலுவலகம் இருந்தது, 1943-ல் அந்த வேலை ‘சீஃப் ஹெரால்ட்’ அலுவலகத்துக்கு வந்தது. உங்கள் முன்னோர் ஒருவர் பெயர் அங்கே பதிவாகியிருந்தால் உங்களுக்கு உரிமை உண்டு, இல்லையென்றால் அது சுவரில் மாட்ட ஒரு படம், அவ்வளவுதான்.

1890-ல் அயர்லாந்தில் பதிவான பிறப்புகளை எண்ணிப் பார்த்தபோது 975 குழந்தைகள் சல்லிவன். மர்ஃபி, கெல்லி இரண்டு பெயர்கள்தான் அதற்கு மேல். அதைவைத்து நாடு முழுக்க 43,600 சல்லிவன்கள் என்று கணக்குப் போட்டார்கள், அதிலும் பெரும்பகுதி தெற்கே மன்ஸ்டரில், கார்க், கெர்ரி இரண்டு மாவட்டங்களிலேயே குவிந்துகிடந்தார்கள். சில ஊர்களில் கல்லை எறிந்தால் சல்லிவன் மேல்தான் விழும். இதற்குள் போய் ‘எங்கள் குடும்பம்’ என்று ஒன்றைத் தேடுவது எப்படி?

பெயரின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐரிஷில் ஓ சூலவான். ‘ஓ’ என்றால் பேரன், வழித்தோன்றல். ‘சூல்’ என்றால் கண், இதில் சண்டை இல்லை. மீதிப் பாதியில்தான் சண்டை: கருங்கண்ணன் என்கிறார் ஒருவர், ஒற்றைக் கண்ணன் என்கிறார் இன்னொருவர். என்னிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் கருங்கண்ணன்தான் பிடிக்கிறது. இவர்களின் பழைய இடம் டிப்பரரியில் நாக்கிராஃபன். படையெடுத்து வந்த நார்மன்காரர்கள் 1192-ல் அங்கே மண்மேட்டுக் கோட்டை எழுப்பிய காலத்தில் இவர்கள் தென்மேற்கே நகர்ந்து பேரா தீபகற்பத்திலும் கென்மேர் விரிகுடாவைச் சுற்றியும் போய் அமர்ந்தார்கள். ஆக இன்று ‘சல்லிவன்களின் பூர்வீகம் கெர்ரி’ என்று சொல்வதே ஒரு குடிபெயர்ப்புக்குப் பிந்தைய பூர்வீகம்.

அடுத்த இடப்பெயர்ச்சி இன்னும் கொடுமையானது. கின்சேல் போரில் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலேயரிடம் தோற்ற பிறகு, 1602 ஜூனில் சல்லிவன்களின் டன்பாய் கோட்டை விழுந்தது. அந்த டிசம்பர் 31-ம் தேதி பேரா பகுதிச் சல்லிவன்களின் தலைவர் டோனல் கேம் ஓ’சல்லிவன் க்ளென்காரிஃபிலிருந்து சுமார் ஆயிரம் பேருடன் வடக்கே நடக்க ஆரம்பித்தார். வீரர்கள் நானூறு பேர், மற்றவர்கள் பெண்கள், குழந்தைகள், வேலைக்காரர்கள். இரண்டு வாரம் பனியிலும் பசியிலும் வழிநெடுகச் சண்டை போட்டுக்கொண்டே லேட்ரிம் போய்ச் சேர்ந்தபோது கூட இருந்தவர்கள் 35 பேர். அவர் பிறகு ஸ்பெயினுக்குப் போய் 1618-ல் மாட்ரிட்டில் கொல்லப்பட்டார். இப்போது கவனியுங்கள், கடைசியில் மிஞ்சியது 35 பேர், ஆனால் என்னிடம் வரும் சல்லிவன்களில் மூன்றில் ஒருவர் தான் அந்த டோனல் கேமின் நேர் வாரிசு என்று ஒரு வம்சாவளி மரத்தோடு வருகிறார். இணையத்தில் யாரோ ஒருவர் ஒட்டவைத்ததை நூறு பேர் நகலெடுத்திருப்பார்கள். நடுவில் இருநூறு வருஷத்துக்கு ஒரு தாள் ஆதாரம் இருக்காது.

சரி, அந்த ‘ஓ’ என்ன ஆயிற்று? 17, 18-ம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேய ஆட்சியில் அது உதிர்ந்தது. 1866-ல் இந்தப் பெயருள்ளவர்களில் நூற்றுக்கு நாலு பேர்தான் ‘ஓ’ போட்டார்கள். 1893-ல் ஐரிஷ் மொழியை மீட்க கேலிக் லீக் என்ற அமைப்பு வந்து மொழி உணர்வு வளர்ந்த பிறகு திரும்ப ஒட்டிக்கொள்ள ஆரம்பித்து, 1944-ல் நூற்றுக்கு அறுபது ஆகிவிட்டது. அதனால்தான் 1850-ல் கப்பல் ஏறிய அண்ணன் பரம்பரை அமெரிக்காவில் சல்லிவன், ஊரிலேயே இருந்த தம்பி பரம்பரை ஓ’சல்லிவன். ‘நாங்கள் ஓ போடாதவர்கள், அவர்கள் வேறு’ என்று சொல்லி ஒரே குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவைத்திருந்த ஒரு வாடிக்கையாளரை வழிக்குக் கொண்டுவர எனக்கு மூன்று வாரம் ஆனது.

இன்னொன்று, ‘எல்லிஸ் தீவு அதிகாரிதான் எங்கள் பெயரை மாற்றிவிட்டார்’ என்பது. அது குடியேற வந்தவர்களைப் பதிவுசெய்த நியூயார்க் துறைமுக நிலையம். அங்கே இருந்தவர்கள் கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிக்கொடுத்த பட்டியலை வைத்து ஆளைச் சரிபார்த்தார்கள், புதிதாகப் பெயர் சூட்டவில்லை. போதாக்குறைக்கு அந்த நிலையம் திறந்ததே 1892 ஜனவரி 1-ம் தேதி. 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் வந்தவர்கள் அதற்கு நாற்பது வருஷம் முன்பே இறங்கிவிட்டார்கள்.

அன்று முதல் ஆளாகப் பதிவானது கார்க்கைச் சேர்ந்த ஆனி மூர் என்ற பெண். அவள் டெக்சாஸ் போய் வாழ்ந்து இறந்தாள் என்று பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2006-ல் மேகன் ஸ்மோலென்யாக் என்ற ஆய்வாளர் தோண்டிப் பார்த்தால், டெக்சாஸ் ஆனி மூர் இலினாயில் பிறந்தவள், கப்பல் ஏறியவளே இல்லை. உண்மையான ஆனி நியூயார்க்கின் கிழக்குப் பக்கத்துச் சந்துகளிலேயே வாழ்ந்து முடிந்திருக்கிறாள். சிலை வைத்துக் கொண்டாடிய ஆளுக்கே இந்தக் கதி என்றால் நம் வீட்டு மேரிக்கும் டேனியலுக்கும் என்ன உத்தரவாதம்?

நம்மூரிலேயே பாருங்கள். ஒரு வாடிக்கையாளரின் மரத்தில் ‘ஜான் சல்லிவன், சென்னை மாகாணம்’ என்று ஒருவர் இருந்தார். 1749-ல் பிறந்து, 1780-களில் தஞ்சாவூரில் கம்பெனி ரெசிடென்ட்டாக இருந்து, ஷ்வார்ட்ஸ் பாதிரியாரோடு சேர்ந்து ஆங்கிலப் பள்ளிகளுக்கு வழி செய்து, அப்புறம் 1822-ல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கியவர் என்று போட்டிருந்தது. எழுபத்து மூன்று வயதில்! அவர்கள் இரண்டு பேர். தஞ்சாவூர்க்காரர் கார்க் மாவட்டக் குடும்பத்துப் பிள்ளை. எங்கள் கோவை கலெக்டராக இருந்து 1819-ல் நீலகிரி ஏறியவர் 1788-ல் லண்டனில் பிறந்தவர். பெயரும் மாகாணமும் ஒத்துப்போனதும் ‘இணை’ பொத்தானை அழுத்திவிட்டார்கள்.

அப்படியானால் எதைத் தேடுவது? ஊரை. அதுவும் மாவட்டம் போதாது, டவுன்லேண்ட் வேண்டும், அதாவது அங்கே உள்ள ஆகச் சிறிய நிலப்பிரிவு. அயர்லாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகள் உண்டு, பேரில் ‘டவுன்’ இருந்தாலும் பல இடங்களில் நாலைந்து வீடும் கொஞ்சம் மேய்ச்சல் நிலமும்தான். உங்கள் முன்னோர் இருந்த துண்டு தெரியும்வரை மற்றதெல்லாம் ஊகம். அங்கே ஆவணமே மிஞ்சவில்லை என்பார்கள், அது பாதிதான் உண்மை. 1922 ஜூன் 30-ல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்ததில் 1821 முதல் 1851 வரையான குடிக்கணக்குகளில் பெரும்பகுதி போயிற்று. 1861 முதல் 1891 வரையானவற்றை அரசாங்கமே அழித்தது. ஆனால் 1864-லிருந்து பிறப்பு இறப்புப் பதிவு இருக்கிறது, 1901, 1911 குடிக்கணக்கு முழுசாக இருக்கிறது, கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை, அதாவது ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானமும் கல்யாணமும் எழுதிவைத்த புத்தகங்களை, தேசிய நூலகம் 2015-ல் இலவசமாக இணையத்தில் ஏற்றிவிட்டது. காசு கொடுப்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள். வயதை மட்டும் நம்பாதீர்கள். 1909-ல் எழுபது வயதுக்காரர்களுக்கு ஓய்வூதியம் வந்தது, அதனால் 1901-ல் 55 வயதாக இருந்த பாட்டி 1911-ல் 71 ஆகியிருப்பாள்.

பாஸ்டன்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அப்பா டேனியல் சல்லிவன், 1851-ல் வந்தவர். அந்த வருஷம் கென்மேர் பக்கம் லான்ஸ்டவுன் பிரபுவின் ஏஜென்ட் ட்ரெஞ்ச் ஒரு கணக்குப் போட்டார். பஞ்சத்தில் அடிபட்ட குத்தகைக்காரர்களை ஏழை இல்லத்தில் வைத்துச் சோறு போடுவதைவிட நியூயார்க்குக்கு டிக்கெட் எடுத்துக் கொடுப்பது மலிவு. ஆயிரக்கணக்கில் அனுப்பினார். அவர்களில் நிறையப் பேர் நியூயார்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் சேரியில் போய் விழுந்தார்கள். அங்கே 1850-ல் தொடங்கிய எமிக்ரன்ட் சேமிப்பு வங்கி, கணக்குத் திறக்க வந்தவர்களிடம் கையெழுத்தை நம்பாமல் கேள்வி கேட்டுக் குறித்துவைத்தது: பிறந்த ஊர், வந்த கப்பல், அப்பா அம்மா பெயர், பிள்ளைகள். ஆள்மாறாட்டம் தடுக்கக் கேட்ட கேள்விகள் இன்று எங்களுக்குப் புதையல். டேனியலின் கணக்கில் ஊர் கென்மேர் பக்கத்து டூசிஸ்ட் பங்கு என்று இருந்தது.

பங்குப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திரையில் பெரிதாக்கினால் தலை சுற்றும். மங்கிய மை, லத்தீன், முப்பது ஞானஸ்நானத்தில் பதினொன்று சல்லிவன் பிள்ளைகள், அதில் நாலு பிள்ளைகளுக்கு அம்மாவும் பிறந்த வீட்டில் சல்லிவன், ஞானப்பெற்றோரும் சல்லிவன். மூத்த பையனுக்கு அப்பாவழித் தாத்தா பெயரை வைப்பது அங்கும் வழக்கம் என்பதால் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மூன்று பேரும் டேனியல். டி.என்.ஏ. பரிசோதனையும் இங்கே அவ்வளவாகக் கைகொடுக்காது, தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கொண்டான் கொடுத்தான் என்பதால் தூரத்து உறவுகூட நெருங்கியதுபோலக் காட்டும்.

இந்தக் குழப்பம் அந்த ஊர்க்காரர்களுக்கும் இருந்தது, அதற்கு அவர்கள் வழியும் வைத்திருந்தார்கள். வெள்ளை சல்லிவன், செம்பட்டை சல்லிவன் என்று ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர். 1847-லிருந்து 1864 வரை நிலவரிக்காக எடுத்த கிரிஃபித் மதிப்பீட்டில் ஒரே பேருள்ளவர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரையோ அந்தப் பட்டத்தையோ எழுதியிருப்பார்கள். இனிஷியல் வைத்துக்கொள்ளும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாஸ்டன்காரரிடம் கேட்டேன், “உங்கள் பாட்டி குடும்பத்தைப் பற்றி அர்த்தமில்லாத மாதிரி ஏதாவது சொல்வதுண்டா?” கொஞ்சம் வெட்கப்பட்டுச் சொன்னார், “நாமெல்லாம் ‘சீர்’ சல்லிவன் என்பார். எங்கள் வீட்டில் தீர்க்கதரிசி யாரோ இருந்திருக்கிறார் போல.” ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஞானதிருஷ்டி உள்ளவர் என்று பொருள், பாவம் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஐரிஷில் அது கொத்தனார். எழுதியவர் காதில் விழுந்தபடி ‘சீர்’ ஆகிவிட்டது. மதிப்பீட்டைத் திறந்தால் டூசிஸ்டில் ஒரு டவுன்லேண்டில் ‘டிமதி சல்லிவன், அடைப்புக்குறியில் சீர்’ உட்கார்ந்திருக்கிறார். வங்கிக் கணக்கில் டேனியல், ஊரில் விட்டுவந்த அண்ணன் என்று சொன்ன பெயரும் டிமதி.

முடிந்ததா என்றால் இல்லை. டூசிஸ்ட் பங்குப் பதிவேட்டில் ஆறு வார இடைவெளியில் இரண்டு மேரிகள் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் அப்பா டேனியல் சல்லிவன், அம்மா ஜொஹன்னா சல்லிவன். நம் டேனியலின் மகள் இதில் யார் என்று ஞானப்பெற்றோர் பெயரை வைத்துத்தான் பிரிக்க வேண்டும், ஒரு பதிவில் அந்த இடத்தில்தான் மை கொட்டியிருக்கிறது. பங்குக்குக் கடிதம் போட்டு மூலப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். அவர் வாரா வாரம் கேட்கிறார். பலகை இன்னும் சுவரில்தான் இருக்கிறது, இப்போதெல்லாம் கேமராவை அந்தப் பக்கம் திருப்புவதில்லை.