நரிக்குறவர், குருவிக்காரர் எஸ்.டி. சான்றிதழ்: எங்கெங்கே மாட்டிக்கொள்வீர்கள்

நரிக்குறவர்களைப் பழங்குடி (எஸ்.டி.) பட்டியலில் சேர்க்கலாம் என்று, அந்தப் பட்டியல்களைத் திருத்த மத்திய அரசு அமைத்த லோகூர் குழு சொன்னது 1965இல். நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் போட்டது 2022 டிசம்பரில், அது நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரியில். தமிழ்நாட்டுப் பட்டியலில் நரிக்கொரவன், குருவிக்காரன் என்ற பெயர்களில் இப்போது 37வது இடத்தில் இருக்கிறார்கள். வரலாறு இவ்வளவு போதும். சட்டம் வந்துவிட்டது, கையில் காகிதம் வருவதற்குள்தான் உயிர் போகிறது.

எம்.பி.சி.யாக (மிகவும் பிற்படுத்தப்பட்டோராக) இருந்தவரை சாதிச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்தோடு முடிந்தது. எஸ்.டி. அப்படியில்லை. 1989 நவம்பரிலிருந்து அதில் கையெழுத்துப் போடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கும் சார் ஆட்சியருக்கும்தான். தாசில்தார் கையெழுத்தில் புதிதாக ஒரு எஸ்.டி. சான்றிதழ் வாங்கி வைத்திருந்தால் டி.என்.பி.எஸ்.சி.யில் அது செல்லாது. ஆகவே "தாலுகா ஆபீஸ்லயே முடிச்சுத் தர்றேன்" என்று வரும் புரோக்கருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய், ரசீது தருவார்கள்.

அந்த இ-சேவை மையத்திலேயே முதல் கோளாறு நடந்துவிடும். நீங்கள் நீட்டும் பழைய சான்றிதழில் எம்.பி.சி. என்று இருக்கும். அதைப் பார்த்ததும் ஆபரேட்டர் அதையே பதிந்துவிடுவார். அல்லது "குறவர்தானே" என்று வேறொரு பெயரைப் போடுவார். பட்டியல் சாதியில் உள்ள குறவன் வேறு, நீங்கள் வேறு. அனுப்புவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். சாதிப் பெயர், வகுப்பு இரண்டையும் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போய்ச் சரிபாருங்கள். தவறாகப் பதிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், மறுபடி 60 ரூபாய், மறுபடி வரிசை.

அப்புறம் வருவதுதான் பெரிய அநியாயம். "அப்பாவோட எஸ்.டி. சர்டிபிகேட் எங்கே?" என்று கேட்பார்கள். அப்பாவுக்கு எங்கிருந்து வரும்? இந்தச் சமூகமே பட்டியலுக்குள் வந்தது 2023 ஜனவரியில்தானே. கேட்கிறவருக்கும் அது தெரியும், ஆனாலும் கோப்பில் ஒரு காகிதம் குறைந்தால் அவருக்குப் பயம். அப்பாவின் பழைய எம்.பி.சி. சான்றிதழில் நரிக்குறவர் என்றோ குருவிக்காரர் என்றோ இருந்தால் அதுவே ஆதாரம். வகுப்புதான் மாறியிருக்கிறது, சாதி மாறவில்லை. அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தால் அதையும் வையுங்கள். அதில் வெறும் "இந்து, எம்.பி.சி." என்று மட்டும் இருந்தால் பயன் குறைவு. அப்போது சித்தப்பா, பெரியப்பா, அத்தை என்று ரத்த உறவில் சாதிப் பெயரோடு சான்றிதழ் உள்ள ஒருவரைப் பிடித்து, உறவுமுறையைக் காட்டும் ரேஷன் கார்டோடு சேர்த்துக் கொடுங்கள். நரிக்குறவர் நலவாரிய அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அது உதவித்தொகைக்கான உறுப்பினர் அட்டை, சாதிச் சான்றிதழ் ஆகாது. சர்ச்சுக்குப் போகிறவர்களை மதத்தைச் சொல்லி மிரட்டினால் அசராதீர்கள். பட்டியல் சாதிக்குத்தான் மத நிபந்தனை உண்டு, பழங்குடிக்குக் கிடையாது.

வி.ஏ.ஓ. நேரில் விசாரிக்க வருவார். பாசிமணி விற்கத் திருவிழாவுக்குத் திருவிழா போகிற குடும்பம், அந்த நேரம் பார்த்து வேளாங்கண்ணியில் இருக்கும். "வீட்டில் ஆள் இல்லை" என்று ஒரு வரி எழுதினால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஆகையால் விண்ணப்பம் போட்ட வாரமே வி.ஏ.ஓ.வைப் பார்த்து, ஊரில் இருக்கும் நாள்களைச் சொல்லி, செல்போன் எண்ணைக் கொடுத்துவிடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று அதற்கு முன்பே பாருங்கள்.

வாய்வார்த்தையில் "கிடைக்காது, போ" என்றால் நகராதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரவில்லையா, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுத்து, மனு எண்ணை வாங்கி வையுங்கள். அந்த எண் இருந்தால் கீழே இருப்பவர் பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.

சான்றிதழைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பயனில்லை. பள்ளியில் எமிஸ் என்ற கணினி மாணவர் பதிவில் பிள்ளையின் வகுப்பு (எம்.பி.சி., எஸ்.டி. என்பது) தானாக மாறாது. தலைமையாசிரியரிடம் நகல் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் எஸ்.டி. உதவித்தொகை வராது. டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவிலும் நீங்களே மாற்ற வேண்டும். மாநில வேலைகளில் எஸ்.டி. இடஒதுக்கீடு 1 சதவீதம்தான், பழைய எம்.பி.சி.க்கு 20 சதவீதம் இருந்ததே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மத்திய அரசு வேலைகளில் எஸ்.டி.க்கு 7.5 சதவீதம் இருக்கிறது.

அதைவிட முக்கியமானது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டாலும், சாதியைச் சொல்லிப் பலர் முன்னால் கேவலப்படுத்தினாலும், முன்பு சாதாரண வழக்குதான். இப்போது இந்தச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். முதலில் விசாரித்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர். என்று ஸ்டேஷனில் சொன்னால் அது தவறு. 18ஏ பிரிவின்படி முன்விசாரணை தேவையில்லை. வழக்கை விசாரிக்க வேண்டியவர் டி.எஸ்.பி. மட்டத்து அதிகாரி. புகாரை வாங்க மறுத்தால் அதையே எழுதி, எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சான்றிதழ் நகலையும் கூடவே வையுங்கள்.