அந்த இரண்டு கிலோ டிஃபரன்ஸ்

டிஃபரன்ஸ் என்ற சொல் எனக்கு ஆங்கிலப் பாடத்தில் அறிமுகமாகவில்லை, தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான கொழுந்து மடுவத்தில் அறிமுகமானது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பள்ளி விட்டு வரும் வழியில் அம்மாவுக்காக அங்கே நிற்பேன். ஒருநாள் தராசு முள் 18இல் நின்றதை நானே பார்த்தேன். எடை எழுதும் துண்டுச் சீட்டில் 16 என்று விழுந்தது. அம்மா கேட்டதற்கு, "கொழுந்து ஈரம், சாக்கு எடை வேற இருக்கு. டிஃபரன்ஸ் போகும்தானே" என்றார் கணக்கப்பிள்ளை. அந்தச் சொல்லுக்குக் 'கழிவு' என்றுதான் அர்த்தம் என வெகுநாள் நினைத்திருந்தேன்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது லத்தீன். 'டிஸ்' என்றால் விலகி, பிரிந்து. 'ஃபெர்ரே' என்றால் சுமப்பது, கொண்டுபோவது. இரண்டும் சேரும்போது முன்னதின் ஸகரம் பின்னால் வரும் ஃபகரமாகவே மாறி 'டிஃப்ஃபெர்ரே' ஆகிறது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம் ஆகிறதே, அதுபோல ஒரு புணர்ச்சி. பொருள்: வெவ்வேறு பக்கமாகச் சுமந்து போவது. ஒரே மலையில் கொழுந்தெடுத்த இரண்டு பேர் கூடையோடு கிளம்புகிறார்கள், ஒருவர் மேட்டு லயத்துக்கு (தொழிலாளர் வீட்டு வரிசைக்கு), மற்றவர் பள்ளத்து லயத்துக்கு. அடிக்கு அடி அவர்களுக்கு நடுவில் கூடிக்கொண்டே போகிற இடைவெளிதான் டிஃபரன்ஸ்.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி அந்த 'ஃபெர்ரே'யின் சொந்தக்காரர்கள். சமஸ்கிருதத்தில் சுமத்தலைக் குறிக்கும் வேர் 'பர்'. அதன் தொடக்க ஒலி மூச்சோடு அழுத்திச் சொல்லப்படுவது, தமிழ் எழுத்தில் அது தெரியாது. அந்த வேரிலிருந்து வந்த சொல்தான் நாம் கடன் வாங்கிய 'பாரம்'. அதிலிருந்தே வந்த சிங்களச் சொல் 'பர', எடை என்று பொருள். ஆங்கிலத்தில் சுமப்பதற்கு 'பேர்' (கரடியைச் சொல்லும் 'பேர்' வேறு சொல்). ஆக, அம்மாவின் முதுகில் இருந்த பாரமும் துண்டில் விழுந்த டிஃபரன்ஸும் ஒரே வேர்.

ஒலி கொஞ்சம் ஒத்துப்போவதால் சொல்லிவிடும் கதையா இது? இல்லை. 1786இல் கொல்கத்தாவில் பேசிய மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். அவர் கண்டது ஒற்றுமையை. அதற்குச் சரியான பிடி கிடைத்தது வேற்றுமையைக் கவனித்தபோதுதான். 1822இல் யாக்கோப் கிரிம், அதாவது நாட்டார் கதைகளைத் தொகுத்த சகோதரர்களில் மூத்தவர், அந்த வேற்றுமைகளை விதியாக எழுதிவைத்தார். சமஸ்கிருதத்தில் அந்த மூச்சுப் பகரம் (bh) வரும் இடத்தில், சொல்லின் தொடக்கத்தில், லத்தீனில் ஃபகரமும் ஆங்கிலத்தில் மூச்சில்லாத வெறும் பகரமும் (b) வரும்: ப்ராத்ரு, ஃப்ராட்டர், ப்ரதர். சமஸ்கிருதத்தில் சாதாரணப் பகரம் (p) வரும் இடத்தில் ஆங்கிலம் ஃபகரத்துக்குப் போகும்: பித்ருவுக்கு ஃபாதர், பாதத்துக்கு ஃபுட். ஒரு சொல்லில் மட்டும் மாறினால் அது தற்செயல். சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி மாறினால் உறவு.

நம் வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். பால், பல், பத்து, புலி என்று நாம் சொல்வதைக் கன்னடக்காரர் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி என்பார். நம் பகரம் அங்கே வரிசையாக ஹகரமாகிறது. மாற்றம் அவ்வளவு ஒழுங்காக இருப்பதால்தான் இரண்டும் ஒரே குடும்பம் என்று அடித்துச் சொல்ல முடிகிறது.

மாறாக, 'எட்டு'க்கும் ஆங்கில 'எயிட்'டுக்கும் ஒலி அப்படியே பொருந்துகிறது. இதை வைத்து ஆங்கிலமே தமிழிலிருந்து வந்தது என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். எண்பது, எண்ணூறு என்று பார்த்தால் நம் எட்டின் அடி 'எண்' என்பது தெரியும். அவர்களுடைய எயிட்டுக்கு உறவு லத்தீனின் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தின் 'அஷ்ட'. பின்னால் போகப் போக இரண்டும் விலகுகின்றன. அச்சாக ஒத்துப்போவதைத்தான் மொழிகளின் உறவைத் தேடும் இந்தத் துறையில் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வித்தியாசம் சொல்லும் மற்ற ஆங்கிலச் சொற்களையும் தோண்டினால் கைவேலைதான் அகப்படுகிறது. 'டிஸ்கர்ன்' என்றால் பிரித்தறிவது. அதன் அடியில் இருக்கும் 'கெர்னெரே', சலிப்பது. எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சல்லடை அறைக்குப் போனால் இந்தச் சொல்லை நேரிலேயே பார்க்கலாம். தட்டுக்கு மேல் தட்டாகச் சல்லடைகள் கிடுகிடுவென்று ஆடும். ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பதே சல்லடையின் எண். எண் கூடக் கூடக் கண் சின்னதாகும். மேலே பெருந்தூள் தங்கும். அதற்குக் கீழே பி.ஓ.பி., அதற்கும் கீழே அதைவிடச் சன்னமான பி.ஓ.பி.எஃப்., கடைசியில் டஸ்ட். எல்லாம் தூளின் அளவை வைத்துச் சொல்லும் தேயிலைத் தரங்கள். காம்பும் நாரும் கண்ணளவில் பிரியாது. அதற்கு வேறு வித்தியாசம் தேவை. உரசி மின்னேற்றிய உருளைகளுக்கு அடியில் தூளை ஓடவிட்டால், தலைவாரிய சீப்பில் காகிதத்துண்டு ஒட்டுவதுபோல் நார் மட்டும் எழும்பி ஒட்டிக்கொள்ளும். சலித்து முடிவானது 'சர்ட்டன்', சலித்து ஒதுக்கிவைத்தது 'சீக்ரட்'. இரண்டும் அதே கெர்னெரேயின் பிள்ளைகள். 'டிஸ்க்ரிமினேஷன்' கூட இந்த வீட்டுப் பிள்ளைதான், பிற்பாடு கெட்ட பேர் எடுத்தது.

நுண்ணிய வேறுபாட்டுக்கு 'நுவான்ஸ்' என்பார்கள். பிரெஞ்சில் 'நூ' என்றால் மேகம். மேகத்தின் நிறச் சாயல் போன்ற வித்தியாசம் என்று அர்த்தம். மலையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்புறம் 'டிஃபர்', 'டிஃபெர்' என்று இரண்டு ஆங்கில வினைகள். முதலாவது வேறுபடுவது, இரண்டாவது ஒத்திப்போடுவது. அழுத்தம் விழும் இடம்தான் மாறுகிறது. லத்தீனில் இரண்டும் ஒரே சொல்: இடத்தில் தள்ளிக்கொண்டு போனால் வித்தியாசம், காலத்தில் தள்ளிக்கொண்டு போனால் தாமதம். "அடுத்த மாசம் பாப்பம்" என்று துண்டைத் திருப்பிக் கொடுத்த கணக்கப்பிள்ளை, தெரியாமலேயே சரியான லத்தீன் பேசியிருக்கிறார்.

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். டிஃபரன்ஸ் என்றால் 'பிரித்துத் தூக்கிக்கொண்டு போவது' என்று அர்த்தமாம் என்றேன்.

"அது எனக்குத் தெரிஞ்சதுதான்" என்றார். "தூக்கிட்டுப் போனது யாருன்னு போட்டிருக்கா ஒன் புத்தகத்துல?"