ஒன்பதாம் மாத ஊசியும் ஒரு வெளிநாட்டுக் கட்சியும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம். புதன்கிழமை, தடுப்பூசி நாள். அங்கன்வாடியில் ஒன்பது மாதப் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு தாய் என்னிடம் போனை நீட்டினார். வளைகுடாவில் இருக்கும் கணவர் அனுப்பிய வீடியோ. "டாக்டரம்மா, வெளிநாட்டுல ஊசி வேண்டாம்னு கட்சியே ஆரம்பிச்சு ஜெயிச்சிருக்காங்களாம். அவங்களே அப்படிச் சொன்னா நாங்க என்ன செய்யிறது?"

செய்தி பொய்யில்லை. ஆஸ்திரியாவில் 'மனிதர்கள், சுதந்திரம், அடிப்படை உரிமைகள்' என்ற பெயரில் 2021 பிப்ரவரியில் ஒரு கட்சி தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் மேல் ஆஸ்திரியா மாநிலத் தேர்தலில் 6.2 சதவீத ஓட்டு வாங்கி, 56 இடங்களில் 3 இடம் பிடித்தது. ஊரடங்கிலும் கொரோனா கட்டுப்பாடுகளிலும் நொந்துபோனவர்களின் கோபம் அந்த ஓட்டில் இருந்தது. அப்புறம் பெரியவர்கள் எல்லோருக்கும் கொரோனா ஊசி கட்டாயம் என்று அரசு சட்டமே கொண்டுவந்தது. 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டம் மார்ச்சில் நிறுத்தப்பட்டு, ஜூலையில் ரத்தானது. அந்தச் செப்டம்பரில் டிரோல் மாநிலத்தில் இந்தக் கட்சிக்குக் கிடைத்தது 2.8 சதவீதம்தான், ஓர் இடம்கூட இல்லை. வீடியோவில் இந்தப் பிற்பகுதி கிடையாது.

அவரிடம் இதைச் சுருக்கமாகத்தான் சொன்னேன். அங்கே சண்டை பெரியவர்களுக்கான கொரோனா ஊசியைக் கட்டாயமாக்கலாமா என்பதில். இங்கே பிள்ளைக்குப் போட இருந்தது தட்டம்மை–ரூபெல்லா ஊசி.

ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. மெதுவாகக் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. மூத்த பிள்ளைக்கு ஒன்றரை மாத ஊசி போட்ட அன்று ராத்திரி காய்ச்சல். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு தனியார் கிளினிக்குக்கு ஓடியிருக்கிறார். "ஊசி போட்டா காய்ச்சல் வரத்தானே செய்யும், இதுக்கா ராத்திரில வந்த?" என்று சத்தம் போட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் பயம் அங்கே தொடங்கியது, வீடியோ பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் இதே தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, எந்தக் கட்சியும் இல்லாமலே வாட்ஸ்அப் வதந்தியால் எத்தனையோ பெற்றோர் பின்வாங்கினார்கள். முகாம் நாளை நீட்டிக்க வேண்டி வந்தது. பதில் கிடைக்காத தாயிடம் யார் முதலில் போய்ப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் நிற்கிறது. இதை மருத்துவத் துறையில் இருக்கும் எங்கள் தவறாகவே பார்க்கிறேன்.

சரி, அன்று நேரம் எடுத்துக்கொண்டோம். ஒன்றரை மாத ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றோ மறுநாளோ வரும், ஓரிரு நாளில் தணியும். இந்த ஊசிக்கு அப்படி இல்லை. சில பிள்ளைகளுக்கு ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்து லேசாகக் காய்ச்சலோ தடிப்போ வரலாம். இதைச் சொல்லாமல் விட்டால், பத்தாம் நாள் காய்ச்சலைப் பார்த்து யாருமே பயப்படுவார்கள். மருந்துப் புட்டியைக் காட்டி, கலந்த நான்கு மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்க மாட்டோம், மீதியைக் கொட்டிவிடுவோம் என்றேன்.

கூட வந்திருந்த மாமியார் அதுவரை பேசவில்லை. "மணல்வாரிக்குத்தானே இது?" என்று கேட்டார். தட்டம்மையைத்தான் அப்படிச் சொல்கிறார். அவருடைய தம்பிக்குச் சின்ன வயதில் மணல்வாரி போட்டு, வேப்பிலை கட்டி, வீட்டோடு வைத்துப் பார்த்தும் கண் போய்விட்டதாம். அது நடக்கக்கூடியதுதான். தட்டம்மை கண்ணைப் பறிக்கும், நுரையீரலையும் மூளையையும் தாக்கும். ஊசி போடாதவர்கள் நடுவே ஒரு பிள்ளைக்கு வந்தால் 12 முதல் 18 பேர் வரை தொற்றும். அதனால்தான் நூற்றுக்கு 95 பிள்ளைகளாவது போட்டிருக்க வேண்டும் என்கிறோம். இதே ஒன்பதாம் மாதத்தில் வைட்டமின் ஏ சொட்டும் கொடுப்பது கண்ணுக்காகத்தான்.

அந்தத் தாய் கணவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவர் கட்சியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "காய்ச்சல் வந்தா யாருக்குங்க போன் பண்ணணும்?" என்றார். நர்சம்மா தன் எண்ணைச் சொன்னார்.

ஊசி போட்ட ஒன்பதாம் நாள் அழைப்பு வந்தது. லேசான காய்ச்சல், பிள்ளை பால் குடிக்கிறது, விளையாடுகிறது. மறுநாள் சரியாகிவிட்டது. அடுத்த ஊசி பதினாறாம் மாதம், அட்டையில் தேதி எழுதியிருக்கிறோம்.