"இதையாவது குடிக்கட்டும்" என்று ஊற்றாதீர்கள்

சென்ற வாரம் ஒரே மாலையில் மூன்று தாய்மார்கள் ஒரே கேள்வியோடு வந்தார்கள். "டாக்டர், பிள்ளை வளரவே இல்லை. பாலில் கரைத்துக் கொடுக்க எந்தச் சத்துப் பவுடர் வாங்கட்டும்?" மூன்று பிள்ளைகளையும் சுவரோரம் நிறுத்தி அளந்தேன். மூவருக்கும் வயதுக்கேற்ற உயரம்தான். இருபத்திரண்டு வருடங்களாகக் குழந்தைகள் மருத்துவம் பார்க்கிறேன். காய்ச்சலுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மூன்றாவதாக வந்தவள் ஐந்து வயதுச் சிறுமி. கூடவே அப்பத்தாவும் வந்திருந்தார். அம்மா மில்லில் வேலை பார்ப்பவர். பைக்குள்ளிருந்து பவுடர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். மாதம் இரண்டு டப்பா, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். "பக்கத்து வீட்டுப் பிள்ளை இவளைவிடத் தலை உயரம் டாக்டர். நாங்கள்தான் எதையோ குறை வைத்துவிட்டோம்" என்றார் அப்பத்தா. அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

உயரம் 102 சென்டிமீட்டர். போன வருடம் இதே மாதம் 96. அதாவது ஒரே வருடத்தில் 6 சென்டிமீட்டர். நான்கு வயதுக்கு மேல் பருவமடையும் வரை ஒரு குழந்தை வருடத்துக்கு 5, 6 சென்டிமீட்டர்தான் வளரும். அப்பா 160, அம்மா 148. இந்தப் பெற்றோரின் பெண் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உயரத்துக்கு வர வேண்டும் என்று எந்தக் கணக்கும் சொல்லவில்லை. அவள் தன் வளர்ச்சிக் கோட்டில் ஒழுங்காக வளர்ந்துகொண்டிருக்கிறாள்.

குறை வேறு இடத்தில் இருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளிறியிருந்தது. ஹீமோகுளோபின் 9.1, அதாவது ரத்தசோகை. முன்பற்கள் இரண்டும் பழுப்பேறி, விளிம்பு உதிர ஆரம்பித்திருந்தன. மூன்று நாளுக்கு ஒரு முறைதான் வயிறு கழிகிறது. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். "எதுவுமே சாப்பிட மாட்டாள் டாக்டர். அதனால்தான் இதையாவது குடிக்கட்டும் என்று கொடுக்கிறோம்."

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் தமிழ்நாட்டுச் சமையலறைகளிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பிள்ளை சாப்பிடாததால் நீங்கள் பவுடர் கரைக்கவில்லை. நீங்கள் பவுடர் கரைப்பதால் பிள்ளை சாப்பிடுவதில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தம்ளர் பால், அதில் மூன்று கரண்டி பவுடர், மொத்தம் ஏறக்குறைய 240 கலோரி. காலை, மாலை, இரவு என்று மூன்று தம்ளர் ஆனால் 700க்கும் மேல். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை 1,300 சொச்சம். பாதிக்கு மேல் தம்ளரிலேயே போய்விட்ட வயிற்றில் இட்லிக்கு எங்கே இடம்? அது பசியில்லாத குழந்தை அல்ல, பசியாறிய குழந்தை. நீங்களும் மூன்று வேளை பாயசம் குடித்துவிட்டு உட்கார்ந்தால் சோற்றைத் தள்ளத்தான் செய்வீர்கள். அவள் தட்டைத் தள்ளுகிறாள், நீங்கள் பயந்து நான்காவது தம்ளர் கரைக்கிறீர்கள். இப்படித்தான் மாதம் ஒரு டப்பா இரண்டு டப்பாவாகிறது.

"டப்பாவில் இரும்புச்சத்து என்று போட்டிருக்கிறதே?" என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பாலில் இருக்கும் கால்சியம் இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். அந்த இரும்பைப் பாலிலேயே கரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். முன்பக்கத்துப் புரதக் கணக்கையும் பின்பக்கம் திருப்பிச் சரிபாருங்கள். பல டப்பாக்களில் பாலோடு சேர்த்துத்தான் போட்டிருப்பார்கள். ஒரு தம்ளர் பாலிலேயே 6 கிராம் புரதம் இருக்கிறது. அது உங்கள் பால்காரர் கொடுத்த புரதம், டப்பா கொடுத்ததல்ல.

இனி விளம்பரத்துக்கு வருகிறேன். இந்த விளம்பரங்களில் பவுடரைப் பற்றிய செய்தி எவ்வளவு நேரம் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? ஓட்டப் பந்தயத்தில் ஒரு பையன் பின்தங்குகிறான். கேமரா அவன் முகத்தில் நிற்பதில்லை, நேரே அம்மாவின் முகத்துக்குப் போகிறது. மற்ற அம்மாக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அங்கே விற்கப்படுவது வளர்ச்சி அல்ல, "நீ நல்ல அம்மா இல்லையோ" என்ற சந்தேகம். பகல் முழுவதும் மில்லில் நின்றுவிட்டு வரும் பெண்ணுக்கு அந்தச் சந்தேகம் ஏற்கெனவே உண்டு. அதன் மேல்தான் கை வைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இது புதிய வித்தையும் அல்ல. 1930களில் இங்கிலாந்தில் ஹார்லிக்ஸை "இரவுப் பட்டினி" என்று ஒன்றைச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். தூக்கத்தில் உடம்பு பட்டினி கிடக்கிறது, அதனால்தான் காலையில் சோர்வு என்றார்கள். எந்த மருத்துவப் பாடத்திலும் இல்லாத நோய் அது. அங்கே பெரியவர்கள் படுக்கப்போகும்முன் குடிக்கும் பானமாக இருந்தது, இங்கே பள்ளிப் பிள்ளைகளின் வளர்ச்சிக்கானதாகிவிட்டது. பயம் ஊருக்கு ஊர் வேறு, அவ்வளவுதான்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால்மாவு, டப்பா உணவுகளுக்கு விளம்பரமே கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுக்கின்றன. ஆகவே இரண்டு வயது முடிந்ததும் வலை விரிகிறது. 2022இல் வந்த மத்திய அரசின் விளம்பர வழிகாட்டு நெறிகள், குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்கள் அவர்களுக்குத் தங்கள் உடலைப் பற்றித் தாழ்வான எண்ணத்தை உண்டாக்கக் கூடாது, இயற்கையான, பாரம்பரியமான உணவைவிடத் தங்கள் பொருளே மேல் என்ற தோற்றத்தைத் தரக் கூடாது என்கின்றன. 2024 ஏப்ரலில், "ஆரோக்கிய பானம்" என்று உணவுச் சட்டத்தில் ஒரு வகையே கிடையாது என்பதால், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை அந்தத் தலைப்பிலிருந்து நீக்கும்படி இணைய விற்பனை நிறுவனங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. தலைப்பு போனது. வீடுகளில் அந்தப் பெயர் போகவில்லை. தவறான விளம்பரம் என்று பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் சொல்லலாம், சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்திலும் தவறு உண்டு. பெற்றோரின் திருப்திக்காகச் சீட்டின் கடைசி வரியில் ஒரு பவுடர் பெயரை எழுதிவிடுகிறோம். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் எழுதியிருக்கிறேன். நோயால் மெலிந்த, உண்மையிலேயே எடை குறைந்த சில குழந்தைகளுக்கு அது தேவைப்படும். எல்லோருக்கும் எழுதியது தவறு.

அந்தச் சிறுமிக்கு இரும்புச்சத்து மருந்தும் பூச்சி மாத்திரையும் எழுதினேன். பால் ஒரு நாளைக்கு இரண்டு தம்ளர் போதும், சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம், இரவில் இனிப்புப் பாலோடு படுக்க வைக்கவே கூடாது என்றேன். பல் மருத்துவரையும் பார்க்கச் சொன்னேன். முதல் நான்கு நாள் அழுவாள், அடம்பிடிப்பாள், தாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆயிரத்து ஐந்நூறில் தினம் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, முருங்கைக்கீரை, ஒரு கொய்யா எல்லாம் வாங்கி மீதியும் இருக்கும். அப்பத்தாவிடம் மட்டும் தனியாகக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன்: பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு மருமகளிடம் பேசாதீர்கள்.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிள்ளையை அளந்து, தேதியோடு தடுப்பூசி அட்டையில் குறித்து வையுங்கள். வருடத்துக்கு 5 சென்டிமீட்டருக்கும் குறைவாக வளர்ந்தால், எடை ஏறாமல் நின்றால், உடனே கூட்டிவாருங்கள். தைராய்டிலிருந்து சிறுநீரகம் வரை பார்க்க வேண்டியிருக்கும். தைராய்டுக் குறைவால் வளர்ச்சி நின்ற ஒரு பையனை, "டப்பா மாற்றிப் பார்த்தோம்" என்று இரண்டு வருடம் கழித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். தினம் ஒரு சிறு மாத்திரையில் வளர்ந்திருப்பான்.