வார்டு சிஸ்டருக்கு மட்டும் ஏன் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கார்ட்டிசால் இறங்கவே மாட்டேங்குது

மலேசியாவுல கொரோனா காலம்னு சொன்னா எல்லாருக்கும் கண்ணு முன்னாடி வர்றது முகத்துல மாஸ்க் தழும்போட நிக்கிற மிஸ்ஸிங்க, அதாவது நர்ஸுங்கதான், அது நியாயம்தான். ஆனா ஒவ்வொரு வார்டுலயும் அவங்களுக்கு மேல ஒரு சிஸ்டர் இருப்பாங்க, மலாய்ல கெத்துவா ஜூருராவாட், ரோஸ்டர் போடுறது, ஸ்டாக் பாக்குறது, மேலதிகாரி மேட்ரனுக்கு பதில் சொல்றது, நோயாளியோட சொந்தக்காரங்ககிட்ட பேசுறதுன்னு வார்டையே தாங்குறவங்க, அவங்களப் பத்தி பேச்சே காணோம். ரூம்ல உக்காந்து பேப்பர் வேலைதானேன்னு நெனைக்கிறவங்க நெறைய பேர்.

என் பெரியம்மா மக பினாங்குல ஒரு ஆஸ்பத்திரியில சிஸ்டர். 2020 மார்ச் 18ஆம் தேதி பி.கே.பி. (நடமாட்டக் கட்டுப்பாடு) ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அக்கா வீட்டு சாப்பாட்டு மேசையில எப்பவும் ஒரு ரோஸ்டர் தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர் இருக்கும். காலை, மத்தியானம், நைட்டுன்னு மூணு ஷிப்ட், ஒவ்வொரு கட்டத்துலயும் பேரு. ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு ஸ்வாப் பாசிட்டிவ்னு போன் வரும், உடனே அவங்களோட பேன்ட்ரியில ஒண்ணா பசியாறினவங்க பேரையெல்லாம் அழிக்கணும், ஏன்னா அத்தனை பேரும் குவாரண்டைன். அழிச்ச எடத்துல யார எழுதுறது? ஒருத்தங்க முழுகாம இருக்காங்க, ஒருத்தங்க அம்மாவ பட்டர்வொர்த்ல டயாலிசிஸ் கூட்டிட்டுப் போகணும், இன்னொருத்தங்க ஏற்கனவே ஓஃப் டேயே இல்லாம ஓடிக்கிட்டு இருக்காங்க. அழிச்சு அழிச்சு தாள்ல அந்தக் கட்டமே ஓட்டையாயிடும். போன வச்ச கையோட அடுத்த போன்.

அந்த ஒவ்வொரு போனுக்கும் உடம்பு என்ன பண்ணுதுன்னு பாப்போம். ஆபத்துன்னு மூளை முடிவு பண்ணுன நொடியிலயே அட்ரினலின் ரத்தத்துல இறங்கிடும், நெஞ்சு படபடக்கும், ஆனா அது சில நிமிஷத்துல அடங்கிடும். அது பின்னாடி மெதுவா வர்றதுதான் கார்ட்டிசால். மூளையோட அடிப்பகுதியில இருக்குற ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோன அனுப்பும், அது வந்ததும் பிட்யூட்டரி இன்னொரு ஹார்மோன ரத்தத்துல விடும், அது சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரினல் சுரப்பிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கார்ட்டிசால் சுரக்கும். அதனாலதான் அது உச்சத்துக்குப் போகவே 20, 30 நிமிஷம் ஆகுது, அப்புறம் ரத்தத்துல இருக்குறது பாதியா குறையவே ஒரு மணி நேரத்துல இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் ஆகுது. வீட்டுத் தண்ணி டேங்க்ல மிதவை மேல வந்ததும் பைப் தானா அடைச்சுக்குமே, அந்த மாதிரி கார்ட்டிசால் போதுமான அளவு ஏறினதும் அதுவே மூளைக்குப் போயி சுரக்குறத நிறுத்திடும். ஒரு பரீட்சை, ஒரு சண்டை, ஒரு ஆக்சிடண்ட், இதுக்கெல்லாம் இந்த ஏற்பாடு ரொம்ப நல்லா வேலை செய்யும். அரை மணிக்கு ஒரு தடவ புதுசா ஒரு பிரச்சினை வந்தா இறங்குறதுக்குள்ளயே திரும்ப ஏறும், இது மாசக்கணக்குல நடந்தா தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும், எதிர்ப்பு சக்தி குறையும். அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானி புரூஸ் மெக்வென் சொன்ன அலோஸ்டேட்டிக் லோட் இதுதான், சமாளிச்சு சமாளிச்சே உடம்பு தேயுற தேய்மானம்.

ஆனா எல்லா ஸ்ட்ரெஸ்ஸும் கார்ட்டிசால ஒரே மாதிரி ஏத்துறதில்ல, எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப முக்கியமா படுறது இதுதான். சாலி டிக்கர்சன், மார்கரெட் கெமெனின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2004ல 208 லேப் ஆய்வுகள ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க. வேலை கஷ்டமா இருந்தா மட்டும் கார்ட்டிசால் பெருசா ஏறிடல. என்ன பண்ணாலும் முடிவு நம்ம கையில இல்ல, அதே நேரத்துல மத்தவங்க நம்மள எடை போட்டுக்கிட்டு இருக்காங்க, இந்த ரெண்டும் சேர்ந்த எடத்துலதான் அதிகமா ஏறுச்சு, பழைய நிலைக்கு வரவும் அதிக நேரம் எடுத்துச்சு.

இப்ப சிஸ்டரோட நாற்காலிய நெனச்சுப் பாருங்க. 2020 தொடக்கத்துல பிபிஈ, அதாவது பாதுகாப்பு உடை, பத்தாம வெளியில ஃபேஷன் டிசைனருங்க, தையல்காரங்க எல்லாம் கவுன் தைச்சுக் குடுத்தாங்க, அப்ப வார்டுல "சிஸ்டர், கவுன் எங்க"ன்னு கேக்குறது இவங்ககிட்டதான், கவுன் எப்ப வரும்னு முடிவு பண்றது வேற யாரோ. 2021 ஆகஸ்ட் 26ஆம் தேதி நாட்டுல ஒரே நாள்ல 24,599 கேஸ், எத்தன பேர அட்மிட் பண்றதுன்னு இவங்க சொல்ல முடியாது, ஆனா வர்றவங்கள பாக்க ஆள் இல்லன்னா கேள்வி இவங்களுக்கு. கீழ இருந்து கோபம், மேல இருந்து கேள்வி, வெளியில இருந்து "எங்கப்பாவ ஏன் பாக்க விடல"ன்னு அழுகை.

பதவி ஏற ஏற ஸ்ட்ரெஸ் ஏறும்னுதான் நம்ம எல்லாரும் நம்புறோம், ஆனா 2012ல அமெரிக்காவுல ராணுவ அதிகாரிங்க, அரசாங்க அதிகாரிங்க மத்தியில பண்ணுன ஆய்வுல தலைமைப் பொறுப்புல இருக்குறவங்களுக்கு கார்ட்டிசால் கம்மியாதான் இருந்துச்சு. நம்ம கையில கட்டுப்பாடு இருக்குங்கிற உணர்வு அவங்களுக்கு அதிகம், அதுதான் காரணமா தெரிஞ்சுச்சு. 1979லயே ஆய்வாளர் ராபர்ட் கராசெக் இதத்தான் வேற பக்கத்துல இருந்து சொல்லியிருந்தார், வேலை அதிகமா இருந்து முடிவெடுக்குற அதிகாரம் கம்மியா இருக்குற எடத்துலதான் மனசு அதிகமா பாதிக்குதுன்னு. சிஸ்டர்னு பதவி இருக்கு, பொறுப்பு இருக்கு, அந்தக் கட்டுப்பாடு மட்டும் இல்ல. அதனாலதான் ஆஸ்பத்திரி டைரக்டரோட ஸ்ட்ரெஸ்ஸும் இவங்க ஸ்ட்ரெஸ்ஸும் ஒண்ணு கிடையாது, ரெண்டையும் "மேனேஜ்மெண்ட் டென்ஷன்"னு ஒரே பையில போடுறது தப்பு.

மூளையிலயும் இது தெரியும். நெத்திக்குப் பின்னாடி இருக்குற பிரீஃப்ரண்டல் கார்டெக்ஸ்தான் திட்டம் போடுறதுக்கும், நாலு விஷயத்த ஒரே நேரத்துல ஞாபகம் வச்சுக்குறதுக்கும், கோபத்த அடக்குறதுக்கும். ஸ்ட்ரெஸ் அதிகமானா நார்அட்ரினலினும் டோப்பமினும் அளவுக்கு மீறி அங்க போயி அந்தப் பகுதியோட பிடி தளர்ந்துடும், பழக்கத்துல செய்றதும் பயத்துல செய்றதும் முன்னாடி வந்துடும்னு யேல் பல்கலைக்கழகத்துல ஏமி ஆர்ன்ஸ்டென் விலாவாரியா காட்டியிருக்காங்க. ரோஸ்டர் போடுறதுக்கு அந்தப் பகுதிதான் வேணும்! சிஸ்டர் முன்ன மாதிரி இல்ல, சும்மா சும்மா எரிஞ்சு விழுறாங்கன்னு ஜூனியருங்க சொல்லும்போது அது குணம் மாறிப்போச்சுன்னு அர்த்தம் இல்ல.

இதோட சேர்ந்து ஒரு வலி இருக்கு, அத அக்கா சொல்லிக் கேட்டப்ப எனக்கே தொண்டை அடைச்சுது. தடுப்பூசி 2021 பிப்ரவரியிலதான் இங்க வந்துச்சு, அதுக்கு முன்னாடி கோவிட் வார்டுக்கு யார அனுப்புறதுன்னு பேர் எழுதுறது இவங்க கை. "அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆனா நாந்தானே எழுதினேன்"னாங்க. எது சரின்னு தெரிஞ்சும் அதச் செய்ய வழி இல்லாம நிக்கிற இந்த நிலைமைக்கு 1984ல தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேமட்டன் மாரல் டிஸ்ட்ரெஸ்னு பேர் வச்சார், நர்ஸுங்க வேலையப் பத்தி எழுதும்போதுதான் வச்சார். ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்குனா போற களைப்பு இல்ல அது.

அதனால யோகா கிளாஸ், ஸ்ட்ரெஸ் பத்தின செராமா (சொற்பொழிவு) மட்டும் போதும்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியல. யோகா நல்லதுதான், ஆனா அலாரம் அடிக்கிற எடம் அப்படியே இருக்கு. வேலை முடிஞ்சதும் மனசும் வேலைய விட்டு வெளிய வந்தாதான் உடம்பு மீளும்னு ஜெர்மன் உளவியலாளர் சபீனே சொன்னென்டாக் பல வருஷமா ஆய்வு பண்ணி சொல்றாங்க, ராத்திரி பதினொரு மணிக்கும் வார்டு வாட்ஸ்அப் குரூப் அடிச்சுக்கிட்டே இருந்தா எப்படி வெளிய வர்றது. நர்ஸுங்களுக்கு ஷிப்ட் முடியுது, சிஸ்டர் போனுக்கு ஷிப்டே இல்ல. அந்தப் போனுக்கும் ஒரு ரோஸ்டர் போடணும், இன்னைக்கு ராத்திரி இவங்க எடுப்பாங்க, நாளைக்கு வேற ஆளுன்னு. ஆள் எண்ணிக்கை இவ்வளவுக்குக் கீழ போனா புது நோயாளிய எடுக்காம கட்டில்கள மூட சிஸ்டருக்கே அதிகாரம் குடுக்கணும். ஆபத்தான வார்டுக்கு யாரு போறதுன்னு ஒருத்தர் மட்டும் முடிவு பண்ணாம மேட்ரனும் சேர்ந்து உக்காந்து, காரணத்த எழுதி வச்சு முடிவு பண்ணணும். இதுக்கு அடுத்த பெரிய தொற்று வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, டெங்கி கேஸ் ஏறுற மாசத்துலயே ஒரு வார்டுல ஆரம்பிச்சுப் பாக்கலாம்.