கிரீன் பெல்ட்: பச்சையை விட்டுவிட்டு பெல்ட்டைப் பாருங்கள்

கிரீன் பெல்ட் என்றதும் நம்மில் பலருக்கு மரம் நடுவிழாதான் ஞாபகத்துக்கு வரும். இங்கிலாந்தில் இந்தச் சொல்லுக்கும் மரத்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. நகரத்தைச் சுற்றியுள்ள நிலத்தை வரைபடத்தில் வளைத்துக் குறித்துவிட்டு, இதற்குள் பொதுவாகப் புது வீடு கட்ட அனுமதி இல்லை, கேட்பவர் "மிகச் சிறப்பான சூழ்நிலை" ஒன்றைக் காட்டினால் பார்க்கலாம் என்று சொல்கிற திட்டமிடல் விதி அது. உள்ளே உழுத வயல் இருக்கும், கோல்ஃப் மைதானம் இருக்கும், குதிரை லாயம் இருக்கும், பாழடைந்த பெட்ரோல் பங்க்கூட இருக்கலாம். பெரும்பகுதி தனியார் நிலம், நினைத்த இடத்தில் நுழைந்து உலாவவும் முடியாது. இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு இப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது.

அதனால் இந்தச் சொல்லில் வேலை செய்வது 'பெல்ட்'தான். இலத்தீனின் பால்டியஸிலிருந்து (வாள் தொங்கவிடும் வார்) வந்த சொல் அது. இடுப்பை இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை. இங்கே இடுப்பு யாருடையது என்றால் நகரத்துடையது.

கருத்துக்கு வேர், நகரத் திட்டச் சிந்தனையாளர் எபனேசர் ஹோவர்டின் தோட்ட நகரத் திட்டம்: நடுவில் ஊர், சுற்றிலும் வயல். 1898இல் அவர் எழுதிய கணக்குப்படி மொத்தம் 6,000 ஏக்கர், அதில் நகரம் 1,000 ஏக்கர், மீதி 5,000 ஏக்கரும் விவசாயத்துக்கு. 1903இல் லெட்ச்வொர்த்தில் அப்படி ஒரு ஊரைத் தொடங்கியும் காட்டினார்கள். ஆனால் சட்டம் போட வைத்தது அந்தக் கனவு மட்டுமல்ல. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் கார் பெருகியதும் லண்டனிலிருந்து கிளம்பும் சாலைகளின் இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள் நீண்டுகொண்டே போயின, அதற்கு அங்கே வைத்த பெயர் ரிப்பன் டெவலப்மென்ட். 1935இல் அந்த ரிப்பனுக்கு ஒரு தடைச் சட்டம், அதே வருடம் லண்டனைச் சுற்றி பெல்ட் போடலாம் என்று ஒரு முன்மொழிவு, 1938இல் பெல்ட்டுக்கே தனிச் சட்டம். அப்புறம்தான் பெரிய திருப்பம்: 1947ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டம். நிலம் உங்களுடையது, அதில் கட்டும் உரிமை உங்களுடையது அல்ல, அனுமதி வாங்கினால்தான் கட்டலாம் என்று ஆனது அதிலிருந்துதான். 1955இல் வீட்டுவசதி அமைச்சர் டங்கன் சாண்டிஸ் வெளியிட்ட சுற்றறிக்கை லண்டனுக்கு வெளியே மற்ற நகரங்களையும் பெல்ட் போட்டுக்கொள்ளச் சொன்னது.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. பெல்ட்டுக்கு வெளியே போய்விட்டால் கிராமப்புறத்தில் இஷ்டத்துக்குக் கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். ஊரின் குடியிருப்பு எல்லைக்கு வெளியே தனியாக நிற்கும் வீடுகளை அங்குள்ள கொள்கை பொதுவாகவே ஏற்பதில்லை. பண்ணையில் வேலை செய்பவர் அங்கேயே தங்கியாக வேண்டும், பயன்படாத பழைய கட்டடத்தை வீடாக மாற்ற வேண்டும், அல்லது வடிவமைப்பு அபாரமாக இருக்க வேண்டும் என்று சில விதிவிலக்குகள் இருக்கின்றன. கடைசியானது 1997இல் ஜான் கம்மர் அமைச்சராக இருந்தபோது நுழைந்தது. என் கண்ணுக்கு அது பணக்காரர் நுழைய வைத்த வாசல் போலத்தான் தெரிகிறது.

இந்தக் கெடுபிடி எந்த அளவுக்குக் கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஒரு வழக்கு. ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் பெல்ட்டுக்குள் நிலம் வைத்திருந்த ஒருவர், 2001இல் வைக்கோல் களஞ்சியம் கட்ட அனுமதி வாங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் களஞ்சியமேதான். உள்ளே மூன்று படுக்கையறை, வரவேற்பறை, உடற்பயிற்சி அறை! நாலு வருஷம் யாரும் கேட்காமல் குடியிருந்துவிட்டால் நடவடிக்கை எடுக்க முடியாது என்று அப்போது ஒரு விதி இருந்தது. அதை நம்பி நாலு வருஷம் சத்தமில்லாமல் குடியிருந்துவிட்டு, இது சட்டப்படி வீடுதான் என்று சான்றிதழ் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஏமாற்றியவருக்கு அந்த விதி உதவாது என்று 2011இல் தீர்ப்பானது. 2024இல் அந்த நாலு வருஷமே பத்து வருஷமாகிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'பசுமைப் பட்டை' என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் பட்டை என்றால் நீளவாக்கில் ஓடும் ஒரு கோடு, சாலையோர மரவரிசைக்குப் பொருந்தும். சுற்றி வளைத்துக் கட்டுவது அதில் தெரியவில்லை, கேட்டால் ரிப்பன்தான் நினைவுக்கு வருகிறது. 'பசுங்கச்சை' அழகு, இடுப்பில் கட்டும் பொருளும் உண்டு, ஆனால் இன்று கச்சை என்று யார் பேசுகிறார்கள்? சங்க இலக்கியத்தில் கோட்டையைச் சூழ்ந்த காவற்காட்டுக்கு 'மிளை' என்று பெயர், குறளும் அரணின் உறுப்பாக 'அணிநிழற் காடு' என்கிறது. கிட்டத்தட்ட இதே வடிவம்தான், ஆனால் திசை தலைகீழ்: மிளை வெளியே இருப்பவனிடமிருந்து ஊரைக் காத்தது, கிரீன் பெல்ட் ஊரிடமிருந்து வெளியைக் காக்கிறது. ஆகவே என் ஓட்டு 'பசுமை வளையம்' என்பதற்கே. சட்டப் பொருள் தெரிய வேண்டிய இடத்தில் 'கட்டடத் தடை வளையம்' என்று ஒருமுறை விளக்கிவிட்டால் போதும்.

குடியிருப்பு எல்லைக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம், 'நத்தம்' இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஊர்நத்தம்' என்று வருவதும் குடியிருப்பு நிலம்தான். 'நத்த எல்லை' என்றால் பத்திரப்பதிவுக்குப் போய்வந்த எவருக்கும் புரியும்.

2024 டிசம்பரில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: கிரே பெல்ட். பெல்ட்டுக்குள்ளேயே, ஏற்கெனவே கட்டடம் இருந்ததோ இல்லையோ, நகரம் பரவுவதைத் தடுப்பது போன்ற நோக்கங்களுக்குப் பெரிதாக உதவாத நிலங்களைப் பிரித்து, நிபந்தனைகளோடு வீடு கட்ட விடுவதற்கான பெயர். இதை 'சாம்பல் வளையம்' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும், ஏனென்றால் இது வளையமாக எங்கேயும் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டு துண்டாகக் கிடக்கிறது. 'சாம்பல் நிலம்' என்று எழுதுங்கள்.